பனிக்காலத்தை எந்த ஊர் எப்படிச் சமாளிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கனடாவின் மான்ட்ரியாலில் இருக்கிறேன். டிசம்பர் பிறந்துவிட்டால் ஊரிலிருந்து வரும் வாட்ஸ்அப் அழைப்புகளில் "சாப்பிட்டாச்சா"வுக்கு அடுத்த கேள்வி பனியைப் பற்றித்தான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எங்கள் ஊரோடு நிற்காமல் ஜப்பான், காஷ்மீர், சைபீரியா என்று மற்ற இடங்களையும் சேர்த்துக்கொண்டேன். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

அரையடி கூட விழாத பனிக்கு ஒரு நகரம் முடங்குகிறது, ஆளுயரத்துக்கு மேல் விழும் ஊரில் பள்ளிக்கூடம் நடக்கிறது. எப்படி?

2014 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் அட்லாண்டாவில் விழுந்தது ஐந்தாறு சென்டிமீட்டர் பனிதான். பனி தொடங்கியதும் அலுவலகங்கள், பள்ளிகள், அரசுத் துறைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. சாலை முழுக்கக் கார்கள் நின்றுவிட்டதால் உப்பு தூவும் லாரிகள் நுழைய முடியவில்லை. சக்கரங்களில் நசுங்கிய பனி கண்ணாடி மாதிரி இறுகியது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அன்றிரவு பள்ளியிலேயே படுத்தார்கள். பலர் காரை நெடுஞ்சாலையில் விட்டுவிட்டு நடந்தே போனார்கள்.

ஜப்பானின் சப்போரோவுக்கு வாருங்கள். ஒரு குளிர்காலத்தில் மொத்தமாக ஏறத்தாழ ஐந்து மீட்டர் பனி விழும். சைபீரியாவிலிருந்து கிளம்பும் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கொட்டுகிறது. அங்கே வசிப்பவர்கள் இருபது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. மெட்ரோ ரயில் சுரங்கத்திலிருந்து வெளியே வரும் பகுதியிலும் தண்டவாளத்தின் மேல் அலுமினியக் கூடு போட்டு மூடியிருக்கிறார்கள். எனவே பனி விழுந்தாலும் ரயில் பாட்டுக்கு ஓடும்.

அட்லாண்டாவைப் பார்த்துச் சிரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எப்போதாவது வரும் பனிக்காக நூற்றுக்கணக்கான பனிவாரி வண்டிகளை வாங்கித் துருப்பிடிக்க விடுவது எந்த நகராட்சிக்கும் கட்டுப்படியாகாது. அங்கே நடந்த தவறு, எல்லாரையும் ஒரே மணிக்கு வெளியே அனுப்பியது. குளிர் எத்தனை டிகிரி என்பதைவிட, அந்த ஊர் வருஷா வருஷம் அதற்குப் பணம் ஒதுக்குகிறதா என்பதுதான் கணக்கு. கீழே வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றியே வரும்.

விழுந்த பனியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்?

இதைக் கேட்பவர்கள் குறைவு. எனக்குப் பிடித்த கேள்வி இதுதான்.

பல ஊர்களில் பனியைச் சாலையோரம் தள்ளி விடுவதோடு சரி. மான்ட்ரியாலில் அது போதாது. ஒரு குளிர்காலத்தில் இரண்டு மீட்டருக்கு மேல் விழும், தெருக்களோ குறுகலானவை, வீட்டு வாசலிலேயே கார் நிற்கும். ஓரத்தில் குவித்துக்கொண்டே போனால் ஜனவரிக்குள் தெரு இருக்காது. ஆகவே நல்ல பனி பெய்தால் மொத்தத்தையும் அள்ளி ஊரைவிட்டே அகற்றுகிறார்கள்.

அது நடக்கும் விதத்தை ஜன்னலோரம் நின்று பார்க்கலாம். முதலில் ஆரஞ்சு நிற அறிவிப்புப் பலகைகளைத் தெருவில் நட்டுப் போவார்கள்: இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை இந்தப் பக்கம் வண்டி நிறுத்தக் கூடாது. நேரம் நெருங்கியதும் இழுவை லாரி ஒன்று விட்டு விட்டு அலறும் சைரனோடு தெருவில் ஊர்ந்து வரும். தூக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டதும் பைஜாமா மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, சாவியைத் தேடியபடி ஆட்கள் வாசலுக்கு ஓடி வருவார்கள். வராதவர் காரை இழுத்துப் பக்கத்துத் தெருவில் விட்டுவிட்டு அபராதச் சீட்டையும் வைத்துவிடுவார்கள். காலையில் காரைக் காணாமல் திருட்டுப் போய்விட்டதென்று பதறுகிறவர்கள் பெரும்பாலும் புதிதாக வந்தவர்கள்.

பிறகு சிறிய டிராக்டர்கள் நடைபாதைப் பனியைத் தெருவுக்குத் தள்ளும். பெரிய வண்டிகள் அதை நீளமாக ஒரு கரை போல ஒதுக்கும். கடைசியாக ஒரு ராட்சத ஊதுவண்டி அந்தக் கரையை விழுங்கி, கூடவே நகரும் லாரிக்குள் பீய்ச்சும். ஒரு லாரி நிறைந்ததும் அடுத்தது அந்த இடத்துக்கு வரும், வண்டி நிற்காது. முன்பு செயின்ட் லாரன்ஸ் ஆற்றிலேயே கொட்டினார்கள். தெருப் பனியில் உப்பும் எண்ணெயும் குப்பையும் இருப்பதால் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஒரு பகுதி பாதாளச் சாக்கடைக்குள் போகிறது, கழிவுநீரின் சூட்டில் அது கரைந்துவிடும். மீதி திறந்தவெளிக் கிடங்குகளுக்கும், ஃபிராங்கோன் என்ற பழைய கல்குவாரிக்கும் போகிறது. அந்தக் குவாரியில் சேரும் மலை கோடை வந்தும் முழுசாகக் கரையாமல் கறுத்துக் கிடக்கும்.

பின்லாந்தின் ஹெல்சிங்கியில் நெடுங்காலமாகப் பனியைக் கடலில் கொட்டுகிறார்கள். அதோடு பிளாஸ்டிக்கும் கடலுக்குப் போவதால் அங்கேயும் எதிர்ப்பு இருக்கிறது.

உப்பு தூவினால் பனி கரைகிறதே, எல்லா ஊரிலும் அதையே செய்யலாமே?

உப்பு கலந்த நீர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால்தான் உறையும். அதுதான் சூத்திரம். ஆனால் சாதாரண உப்பு சாலையில் நன்றாக வேலை செய்வது சுமார் மைனஸ் 9 டிகிரி வரைதான். அதற்குக் கீழே மந்தமாகிவிடும். கால்சியம் குளோரைடு இன்னும் தாழ்ந்த குளிரிலும் வேலை செய்யும், விலைதான் அதிகம். சில நகரங்கள் பீட்ரூட் சர்க்கரை ஆலையின் கழிவுச் சாற்றை உப்புநீரில் கலந்து தெளிக்கின்றன, சாலையில் ஒட்டிப் பிடிப்பதற்காக.

கடுங்குளிர் ஊர்களில் கரைக்கும் ஆசையையே விட்டுவிட்டு மணல் அல்லது சிறு ஜல்லியைத் தூவுகிறார்கள், வழுக்காமல் இருந்தால் போதும் என்று. சப்போரோவில் சாலை கடக்கும் இடங்களில் சிறு பொட்டலமாகக் கட்டிய ஜல்லியைப் பெட்டியில் வைத்திருப்பார்கள். நடப்பவரே எடுத்துத் தூவிக்கொண்டு போகலாம். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான, இதைவிட மரியாதையான நகராட்சிச் சேவை இல்லை.

உப்பின் கேடுகளும் சின்னதில்லை. காரின் அடிப்பாகம் துருப்பிடிக்கும், பாலங்களின் கம்பி அரிக்கும், ஏரிகளில் உப்பு ஏறும். நாய்களின் பாதம் புண்ணாகும் என்பதால் அவற்றுக்கும் செருப்பு மாட்டி அழைத்துப் போகிறார்கள்.

ஜப்பானில் சாலைப் பனிமேல் தண்ணீர் தெளிக்கிறார்களாமே? அது உறைந்துவிடாதா?

நாகஓகா போன்ற நீகாட்டா மாகாண ஊர்களில் உறையாது. அங்கே பனி மிக அதிகம், குளிர் மிதம்தான். வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். சாலையின் நடுவே குழாய் பதித்து, சிறு துவாரங்கள் வழியாக நிலத்தடி நீரைத் தெளிக்கிறார்கள். கிணற்றுநீர் குளிர்காலத்தில் வெதுவெதுப்பாக இருக்கும் என்பது நமக்கும் தெரிந்ததுதானே. அங்கே அது சுமார் 13 டிகிரி. அந்தச் சூடு விழும் பனியை உடனுக்குடன் கரைக்கப் போதும். 1960களின் தொடக்கத்தில் நாகஓகாவில் தொடங்கிய இந்த ஏற்பாடு பிறகு அக்கம்பக்க மாகாணங்களுக்கும் பரவியது.

தண்ணீரிலுள்ள இரும்பு படிந்து அந்தச் சாலைகள் செங்கல் நிறமாகிக் கிடக்கும். அதிகமாக இறைத்ததால் நிலமே சற்றுத் தாழ்ந்த இடங்களும் உண்டு. மேலும் வடக்கே சப்போரோவில் இதைச் செய்தால் கதை கந்தல், தெளித்த நீர் பனிச்சறுக்குத் தளமாகிவிடும். ஒரே நாட்டுக்குள்ளேயே ஓர் ஊரின் மருந்து இன்னோர் ஊருக்கு விஷம்.

ஐஸ்லாந்தில் நடைபாதையே சூடாக இருக்குமாமே?

உண்மைதான். பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரில்தான் ஐஸ்லாந்தின் பத்தில் ஒன்பது வீடுகள் சூடாகின்றன. வீட்டைச் சூடாக்கிவிட்டு வெளியேறும் தண்ணீரில் இன்னும் 35 டிகிரி அளவுக்குச் சூடு மிச்சமிருக்கும். அதைத் தலைநகர் ரெய்க்யவிக்கின் நடைபாதைகளுக்கும் வாகன நிறுத்தங்களுக்கும் அடியில் குழாயில் ஓடவிடுகிறார்கள். எரிமலை மேல் குடியிருப்பதற்குக் கிடைத்த வாடகை.

கூரை மேல் சேரும் பனி?

புதுப்பனி பஞ்சு மாதிரி இருக்கும். நாலு நாள் கிடந்து இறுகினால் ஒரு கன மீட்டர் 300 கிலோவையும் தாண்டும். ஜப்பானின் ஷிரகவா-கோ கிராமத்தில் புல் வேய்ந்த கூரைகளைச் சுமார் 60 டிகிரி சரிவில் நிமிர்த்திக் கட்டியிருப்பது, பனி தங்காமல் சரிய வேண்டும் என்பதற்காக. 1995 முதல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

சாதாரண வீட்டுக்காரர்கள் ஏணி வைத்து ஏறித்தான் தள்ள வேண்டும். ஜப்பானில் பனி உயிர்களை அதிகம் எடுப்பது சாலையில் அல்ல, இங்கேதான். 2005-06 குளிர்காலத்தின் பெரும்பனியில் 152 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், பனி அகற்றும்போது கூரையிலிருந்து விழுந்தும், சரிந்த பனிக்கடியில் சிக்கியும் போனவர்கள். இளைஞர்கள் டோக்கியோவுக்குப் போய்விட்டார்கள், கிராமத்தில் எழுபது வயதுக்காரர் தன் கூரைக்கும் பக்கத்து வீட்டுக் கூரைக்கும் ஏறுகிறார். எந்த இயந்திரமும் இதைத் தீர்க்கவில்லை. நம் கிராமங்களிலும் நடவுக்கு ஆள் இல்லை என்கிறோமே, அதே கதைதான்.

மைனஸ் 40இல் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள்?

சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரத்தில் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். ஜனவரி மாதத்தின் சராசரியே மைனஸ் 38 அளவில் இருக்கும். அங்கே முதல் பிரச்சினை காற்று அல்ல, தரை. நிலம் ஆழம்வரை எப்போதும் உறைந்தே இருக்கும். அதன்மேல் நேராக வீடு கட்டினால் வீட்டுச் சூட்டில் நிலம் இளகி, சுவர் சாய்ந்துவிடும். அதனால் அடுக்குமாடிகளைக் கான்கிரீட் தூண்கள் மேல் நிறுத்தி, அடியில் குளிர்காற்று ஓட இடம் விடுகிறார்கள். ஊருக்கே வெந்நீர் காய்ச்சி அனுப்பும் மத்திய வெப்ப நிலையத்தின் குழாய்களும் தரைக்கு மேலேதான் போகும். சாலை குறுக்கிட்டால் வளைவு போல ஏறி இறங்கும்.

காரைச் சூடான கொட்டகையில் வைக்க வேண்டும், அல்லது தடித்த போர்வை போர்த்தி அவ்வப்போது எஞ்சினை ஓடவிட வேண்டும். சந்தையில் மீன்களைப் பெட்டியில் நெட்டுக்குத்தாக நிறுத்தி விற்பார்கள், விறகுக்கட்டை மாதிரி. ஃபிரிட்ஜ் வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளே மட்டும் ஆட்கள் டி-ஷர்ட்டோடு உலாத்துவார்கள், மத்திய வெப்ப நிலையத்தின் தயவு அது. என்னைக் கேட்டால் யாகுட்ஸ்க்காரரைவிட ஹீட்டர் இல்லாத டெல்லி வீட்டில் ஜனவரி இரவைக் கழிப்பவர்தான் அதிகம் நடுங்குகிறார்.

காஷ்மீரில் அப்படி வெப்ப நிலையம் எல்லாம் கிடையாதே?

கிடையாது. மின்சாரமும் நம்பகமில்லை. அதனால் அறையைச் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குவது அங்கே வழக்கம். டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் சில்லாய் கலான் என்ற கடுங்குளிர், அதன்பின் இருபது நாள் சில்லாய் குர்த், கடைசியாகப் பத்து நாள் சில்லாய் பச்சா. இந்த எழுபது நாளும் முழங்கால் வரை தொங்கும் ஃபெரன் அங்கியும், அதற்குள்ளே காங்ரியும்தான் துணை.

காங்ரி என்பது பிரம்புக் கூடைக்குள் பொருத்திய சிறிய மண்சட்டி. கரித்துண்டுகளில் நெருப்பு வைத்து மேலே சாம்பல் மூடினால் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அங்கியின் ஒரு கையை உள்ளே இழுத்து, வயிற்றோடு அணைத்தபடியே நடப்பார்கள், பேரம் பேசுவார்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் சூடுபட்டு, தொடையிலும் வயிற்றிலும் தோல் புற்று வருவது மருத்துவத்தில் காங்ரி புற்று என்றே பதிவாகியிருக்கிறது. வசதியுள்ள வீடுகளில் ஹமாம் உண்டு: கல் பாவிய தரை, அதன் அடியில் விறகு நெருப்பு, சேர்ந்தாற்போல வெந்நீர்த் தொட்டி. குடும்பமே அந்த ஓர் அறையில்தான்.

சாப்பாட்டுக்குக் கோடையிலேயே சுரைக்காய், கத்திரி, தக்காளி, நூல்கோல் எல்லாம் வெயிலில் உலர்த்தி வைத்துவிடுவார்கள். நம் வீட்டு வத்தல் சமாச்சாரம்தான். விடியற்காலையில் ஹரிசா என்ற ஆட்டிறைச்சிக் களி கடைகளில் சூடாகக் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. மூடிய அறையில் கரியோ கேஸ் ஹீட்டரோ எரிய விட்டுத் தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் காஷ்மீரிலிருந்து இப்படிச் செய்தி வருகிறது. மலைப்பகுதிக்குச் சுற்றுலா போகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

பனியில் சாலை மூடிவிட்டால் லடாக், லாஹவுல் மக்கள் என்ன செய்வார்கள்?

முன்பு சேமித்து வைத்துக் காத்திருப்பார்கள். 3,978 மீட்டர் உயர ரோத்தாங் கணவாய் மூடினால் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹவுல் பள்ளத்தாக்குக்கு வருஷத்தில் ஏறத்தாழ ஆறு மாதம் வெளியுலகம் கிடையாது. 2020 அக்டோபர் 3 அன்று அதற்கடியில் 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு நிலைமை தலைகீழ். லடாக்கில் வெயில் தாராளம் என்பதால் தெற்குச் சுவரைக் கறுப்படித்து, அதற்கு முன்னால் கண்ணாடி வைத்து, பகல் சூட்டை இரவுக்குச் சேமிக்கும் வீடுகளும் வந்திருக்கின்றன.

சியாச்சினில் நம் வீரர்கள்?

1984 முதல் அங்கே ராணுவம் இருக்கிறது. துப்பாக்கிக் குண்டைவிடக் குளிரும் பனிச்சரிவும் உயரமும்தான் அதிகம் பேரைப் பலிவாங்கியிருக்கின்றன. சமவெளியிலிருந்து வருபவர்களைப் படிப்படியாக உயரத்துக்குப் பழக்கிய பிறகே மேலே அனுப்புவார்கள். பனிப்பிளவுகளில் விழாமலிருக்க ஒரே கயிற்றில் பிணைத்துக்கொண்டு நடப்பார்கள். அவ்வளவு செய்தும், 2016 பிப்ரவரி 3 பனிச்சரிவில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆம் பட்டாலியன் முகாமில் இருந்த பத்துப் பேரை இழந்தோம். நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள்.

அமெரிக்கா பணக்கார நாடு. டெக்சஸில் ஏன் அத்தனை பேர் இறந்தார்கள்?

2021 பிப்ரவரியில் குளிர் அங்கே பல நாள் உறைநிலைக்குக் கீழே நின்றது. மின்தேவை எகிறிய அதே நேரத்தில் எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் மின்நிலையக் கருவிகளும் உறைந்தன. வாயு வராமல் மின்சாரம் நின்றது, மின்சாரம் இல்லாமல் வாயு நிலையங்கள் நின்றன. 45 லட்சம் வீடுகளும் கடைகளும் இருண்டன. மாநிலத்தின் அதிகாரபூர்வக் கணக்கில் 246 பேர் பலி. டெக்சஸின் பெரும்பகுதி தனி மின்கட்டமைப்பு என்பதால் அண்டை மாநிலங்களிலிருந்து போதிய மின்சாரம் வாங்கவும் வழியில்லை.

அதே மாநிலத்தின் எல் பாசோ நகரம் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. அது மேற்குப் பகுதி மின்கட்டமைப்போடு இணைந்தது. தவிர, 2011இல் வந்த குளிரில் அடிபட்டதும் கருவிகளைக் குளிருக்குத் தாங்கும்படி மாற்றியிருந்தார்கள். 2011இன் எச்சரிக்கை மாநிலம் முழுவதற்கும்தான் கிடைத்தது. கேட்டவர்கள் தப்பித்தார்கள்.

கார் ஓட்டுபவர்கள் என்ன செய்ய வேண்டும்?

டயர் மாற்ற வேண்டும். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். மான்ட்ரியால் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் சட்டப்படி கட்டாயம். கனடாவின் வின்னிபெக் போன்ற ஊர்களில் காரின் முன்பக்கத்திலிருந்து பிளக் வயர் தொங்கும், எஞ்சினைச் சூடாக்க வாகன நிறுத்தத்திலேயே பிளக் பாயின்ட் இருக்கும். ஆணி பதித்த டயர்களை நார்வே, பின்லாந்தில் அனுமதிக்கிறார்கள். ஜப்பானில் அவை தார்ச்சாலையைச் சுரண்டி ஊரெல்லாம் தூசி கிளப்பியதால் 1990களின் தொடக்கத்தில் தடைசெய்துவிட்டார்கள்.

கைக்குழந்தையைக் குளிரில் வெளியே தூங்க வைப்பார்களாமே?

பின்லாந்திலும் அதன் அண்டை நாடுகளிலும் சகஜம். நன்றாகப் போர்த்தி, தள்ளுவண்டியில், மைனஸ் 10 வரைகூட. என் மாமியாரிடம் சொல்லிவிடாதீர்கள்.

தமிழ்நாட்டில் உறைபனி உண்டா?

உண்டு, ஊட்டியில். டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத இரவுகளில் தலைகுந்தா, குதிரைப் பந்தய மைதானம் பக்கமெல்லாம் புல் வெளுத்துவிடும். அது வானிலிருந்து விழும் பனி அல்ல, தரையை ஒட்டிய ஈரம் இலைமேல் உறைவது. தேயிலைக் கொழுந்து கருகிவிடும் என்பதால் காய்ந்த புல், செடிகொடிகளைப் போட்டு மூடுவார்கள். தாவரவியல் பூங்காவில் மலர் நாற்றுகளுக்குக் கோத்தகிரி மிலார் செடியைப் போர்த்துவது வழக்கம். வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துப் படிந்த பனியையும் கழுவிவிடுவார்கள்.

விரல் மரத்துப்போனால் என்ன செய்வது?

தேய்க்காதீர்கள், பனியால் தேய்ப்பது அதைவிட மோசம். திரும்ப உறையும் வாய்ப்பிருந்தால் சூடாக்கவும் வேண்டாம். உள்ளே வந்தபின் 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். நெருப்பில் காட்டக் கூடாது, உணர்ச்சி இல்லாத தோல் வெந்தாலும் தெரியாது. நிறம் வெளுத்தோ மெழுகு போலவோ இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். ஒருவர் நடுங்குவது நின்று குழற ஆரம்பித்தால் அவருக்குச் சரியாகிறது என்று அர்த்தமில்லை. உடல் வெப்பம் 35க்கும் கீழே வெகுவாக இறங்கிவிட்டது, உடனே அவசர உதவியை அழையுங்கள்.

முதன்முறை வருகிறேன். சென்னையிலேயே ஜாக்கெட் வாங்கிவிடட்டுமா?

வேண்டாம். சென்னையிலிருந்து தெர்மல் உள்ளாடையும் கம்பளிச் சாக்ஸும் போதும். கோட்டும் பூட்ஸும் இறங்கிய ஊரில் வாங்குங்கள், அந்த ஊர்க் குளிருக்கென்றே செய்தது கிடைக்கும். உடம்பை ஒட்டிப் பருத்தி போடாதீர்கள், வேர்வையில் நனைந்தால் காயாது. மெல்லியதாக மூன்று அடுக்கு, ஒரு கனத்த கோட்டைவிட மேல். பூட்ஸ் அரை அளவு பெரிதாக இருக்கட்டும், இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்தான் முதலில் விறைக்கும். கையுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பஸ்ஸில் போய்விடும்.